"இயல்பாகவே" என்னும் சொல்

சென்ற மாதம் நமது கூட்டமொன்றில், சாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிய தோழர் ஒருவர், பேச்சை முடிக்குந் தறுவாயில், "பெண்கள் இயல்பாகவே பொறுமைசாலிகள், குடும்பம் நடத்த அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றார். பலத்த கைதட்டல். பெண்களுந்தான் தட்டினார்கள். அதனாலேயே இதை எழுத வேண்டியதாயிற்று.

"இயல்பாகவே", "பிறவியிலேயே", "சுபாவமாகவே", "தானாகவே" என்று நாம் தினமும் வழங்குகின்ற வார்த்தைகள் சில இருக்கின்றன. இலக்கண வாத்தியார் இவற்றை வினையடை என்று சொல்லி விட்டுவிடுவார். ஆனால் இவை செய்கின்ற வேலை வேறு. "பார்ப்பனர் புத்திசாலிகள்" என்று ஒருவன் சொன்னால், அதற்கு ருசு என்னவென்று கேட்போம். "பிறவியிலேயே புத்திசாலிகள்" என்று சொல்லிவிட்டாலோ கேள்வி நின்று போகின்றது. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் உட்கார்ந்துகொள்ளுகின்றது. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஏகாரமோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிடுகின்றது.

இயல்பாகச் செய்வதென்று உலகத்தில் ஒன்றுமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆமைக்குஞ்சு மணலுக்குள்ளிருந்து வெளிவந்ததும், வழிகாட்டத் தாய் பக்கத்தில் இல்லாமலே கடலை நோக்கி ஓடுகின்றது. சிலந்தி எந்தப் பள்ளிக்கூடத்திலும் நெசவு படித்ததில்லை. பிறந்த குழந்தை தானே பாலைச் சப்புகின்றது. ஆனால், கடலுக்குப் போகாத ஆமைக்கு இன்ன தண்டனை என்று எந்த ரிஷியும் எழுதி வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மனிதர் விஷயத்திலோ பகவத் கீதையின் 18-வது அத்தியாயம், ஊழியம் செய்வது சூத்திரனுடைய சுபாவத்தில் பிறந்த கர்மம் என்கின்றது. சரி, அது சுபாவமேயானால், வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றும்படி கௌதம தர்மசூத்திரம் விதிப்பானேன்? மீனைப் பார்த்து "மரத்தில் ஏறாதே" என்று உத்தரவு போடுவாருண்டா? பெண் இயல்பாகவே அடங்கி நடப்பவளானால், அவளைத் தகப்பன், புருஷன், மகன் ஆகிய மூவருக்கும் முறைபோட்டு ஒப்படைக்க மனு இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லையே!

வெள்ளைக்காரன் சர்க்காரும் இந்தப் புரட்டுக்கு இளைத்ததல்ல. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்து, 1911-க்குப் பின் அதைச் சென்னை மாகாணத்திலும் நடத்தினார்கள். சில சாதியார் பிறவியிலேயே திருடர் என்பதே அதன் அஸ்திவாரம். திருடாதவனும் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியில் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். இதற்கு உடன்பட மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் எடுபட்டது. மறுநாளே அம்மக்களின் ரத்தம் மாறிவிட்டதா? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வாத்தியார்களாகவும் வக்கீல்களாகவும், ஏன், போலீஸ் அதிகாரிகளாகவுமே இருக்கின்றார்களே!

இதையெல்லாம் மேடையில் கிழித்தெறிகின்ற நாம், வீட்டு வாசற்படி ஏறியதும் அதே சொல்லை எடுத்து வைத்துக்கொள்ளுகின்றோம். கல்யாண வீட்டில் ஆண்பிள்ளை சமைத்தால் அது கைத்திறமை; முன்கூட்டியே கூலி பேசி, வெற்றிலை பாக்கோடு பணம் கொடுக்கின்றோம். வீட்டில் பெண் சமைத்தால் அது இயல்பு. அவள் ஏழு வயதில் அடுப்பங்கரையில் கைசுட்டுக்கொண்டதும், "போகிற இடத்தில் என்ன சொல்லுவார்கள்" என்று பெற்ற தாயே இடித்துரைத்ததும், உப்புக் கூடிய நாளில் மாமியாரிடம் கேட்ட ஏச்சும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து போகின்றன. தானாக வருகின்ற ஒன்றுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? நன்றிகூடச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு லாபமுள்ள சொல்லை ஆண்பிள்ளைகள் இலேசில் விடமாட்டார்கள்தான்.

கூட்டம் முடிந்த பின் அத்தோழரிடம் இதைச் சொன்னோம். "வேண்டுமென்று சொல்லவில்லை தோழரே, வாயில் தானாகவே வந்துவிட்டது" என்றார். அடுத்த கூட்டத்தில் அவருடைய துணைவியாரைப் பேச அழைத்திருக்கின்றோம். அம்மையாரும் சம்மதித்துவிட்டார். அன்றிரவு அவர்கள் வீட்டில் சமைப்பது யார் என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை.