95 என்று எழுதிய பையனுக்கு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். "என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டேன். "ஒரே ஒரு அடுக்கு கனம் உள்ள குறைக்கடத்தியில சூடு எப்படிப் பரவுதுன்னு அளக்கிறேன் டீச்சர்" என்றாள். இரும்புக் கம்பியில் மெழுகு வைத்துக் குண்டூசி ஒட்டி, ஒரு முனையைச் சூடாக்கி, ஊசிகள் ஒவ்வொன்றாக விழுவதைக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே பாடம்தான். கம்பிதான் மாறிவிட்டது.

பொருளின் பெயர் மாலிப்டினம் டைசல்பைடு. அதன் ஓர் அடுக்கு 0.65 நானோமீட்டர் கனம். தலைமுடியின் கனத்தில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலச் சிப்புகளுக்கு இது உதவும் என்கிறார்கள். ஆனால் சூடு வெளியேறாத சிப்பு உருப்படாது. ரொம்ப நேரம் போன் பேசினால் காது சுடுகிறதே, அந்தச் சங்கடம்தான்.

இதில் எந்த ஊசியை ஒட்டுவது? எந்தத் தெர்மாமீட்டரை வைத்தாலும் அது இந்தப் படலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. தொட்டவுடன் சூட்டை அதுவே குடித்துவிடும். அதனால் சிறு துளையின் மேல் படலத்தை மேளத்தோல் மாதிரி விரித்து, நடுவில் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி படலத்தைச் சூடாக்குகிறது. சிதறித் திரும்பும் ஒளியின் நிறம் சூட்டுக்கு ஏற்ப மிக நுட்பமாக மாறுகிறது. அதை வைத்து வெப்பநிலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அடுப்பும் அதுதான், தெர்மாமீட்டரும் அதுதான்!

அந்தச் சிதறல் யாருடையது தெரியுமா? நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமனுடையது. 1928இல் கல்கத்தாவில், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டது. வருடா வருடம் பிப்ரவரி 28 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டு, கடல் ஏன் நீலம் என்று சொல்லி, மிட்டாய் கொடுத்து முடித்துவிடுவேன். 2008இல் அமெரிக்காவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் பலாண்டின் குழுவினர் அந்த ஒளியை வைத்துத்தான் கிராஃபீனின் வெப்பக் கடத்துத்திறனை முதலில் அளந்தார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சரி, உன் பொருளுக்கு விடை என்ன வந்தது?" என்றேன். சிரித்தாள். "எந்த விடை டீச்சர்?"

2014இல் வெளிவந்த ஓர் அளவீட்டில் 34.5, கூட்டவோ குறைக்கவோ 4. அடுத்த வருடம் வேறொரு குழுவுக்கு 84, கூட்டவோ குறைக்கவோ 17. அலகு ஒன்றே, ஓரடுக்குப் படலம்தான், இராமன் ஒளிதான். (செம்புக்கு ஏறக்குறைய 400.) பிழை அளவைத் தாராளமாக விட்டாலும் இரண்டும் ஒட்டவில்லை. விழும் லேசரில் பெரும்பகுதி படலத்தைத் துளைத்துப் போய்விடுகிறது. எவ்வளவு உள்ளே தங்கியது என்பதில் சிறிது தவறினாலும் விடை தவறும். சுருக்கம், அழுக்கு, கிழிசல் எல்லாம் வேறு. எதன்மேல் கிடக்கிறது என்பதும் முக்கியம். அந்தரத்தில் தொங்கும் கிராஃபீனுக்கு ஆயிரக்கணக்கில் வரும் எண், சிலிக்கா மேல் படுத்தால் 600 அளவுக்கு இறங்குகிறது.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

ஏற்காட்டில் வேலை பார்த்த காலம். கொதிநீரின் வெப்பநிலையைப் பார்த்து எழுதும் செய்முறை. ஒரு பையன் 95 என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்து, "புத்தகத்துல 100 போட்டிருக்கு, உனக்கு மட்டும் தனியாக் கொதிக்குதா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மற்றவர்கள் எல்லாரும் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே 100 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். அந்த 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் தினமும் புலம்பியவள் நான்! வகுப்புக்குள் வந்ததும் அது மறந்துபோயிற்று.

உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். செய்முறை நோட்டில் புத்தக விடைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். எப்படி அளந்தாய், எதில் அளந்தாய், எவ்வளவு தவறியிருக்கலாம் என்று மூன்று வரி எழுதச் சொல்லி, அதற்குப் போடுங்கள். இரண்டு குழுவுக்கு இரண்டு விடை வந்தால் இரண்டையும் கரும்பலகையில் அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளைச் சண்டை போட விடுங்கள். "பாடம் முடிக்கவே நேரமில்லை டீச்சர்" என்பீர்கள். தெரியும், நானும் அதைச் சொல்லியே ஓட்டினேன். வருடத்துக்கு இரண்டு செய்முறையாவது இப்படிச் செய்யலாம்.

அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம், அண்ணனின் பழைய ஸ்வெட்டர். அந்த பேட்ச்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் காட்டுங்கள். நோட்டு இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நானே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.