மண்ணோடு யாருக்குப் பந்தம்?

அமெரிக்காவில் நர்சாக இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக எங்க சின்னம்மா விசா கேட்டுச்சு. நாலு கேள்வி, சில நிமிஷம். ‘பிரிவு 214 (பி)’ என்று அச்சடித்த தாளோடு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “நான் இன்னாடா தப்பு பண்ணேன்?” என்றது.

ஒரு தப்புமில்லை. அது 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் பிரிவு. பார்த்துவிட்டு வருகிறேன் என்பவரையும் அங்கேயே தங்கிவிட வருபவராகத்தான் அது முதலில் கருதும். அப்படியில்லை என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பாடு. மகளின் அழைப்புக் கடிதமோ சம்பளமோ அதற்கு ஈடாகாது. திரும்பி வரவைக்கும் வேலை, சொத்து, குடும்பம் இங்கே உண்டா என்பதே கேள்வி. மேல்முறையீடு கிடையாது, கட்டின பணமும் வராது. ஆனால் இது நிரந்தரத் தடையல்ல. நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

நிலைமை எப்படி மாறும்? சின்னம்மாவுக்குப் பட்டா இல்லை. நடவுக்கூலிக்கு ரசீது இல்லை. 1892 அரசாணைப்படி நம்ம சனத்துக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் கையிலோ கிடக்கிறது. அதன் தாத்தா பண்ணையாள்; ஊரைத் தாண்ட விடவில்லை. அன்றைக்கு மண்ணோடு கட்டிப் போட்டார்கள். இன்றைக்கு மண்ணோடு பந்தமில்லை என்கிறார்கள்.

அந்தச் சட்டம் சாதி கேட்கவில்லை, சொத்து கேட்கிறது. நம்மூரில் இரண்டும் வேறு வேறா தோழர்களே? நில மீட்பு சோற்றுக்கான சண்டை மட்டுமல்ல. பேரப்பிள்ளை முகம் பார்க்கப் போகிற உரிமைக்கும்தான்.