யந்திர உலகம்: பெட்டியின் மேல் எழுதியிருப்பது

சென்ற வாரம் என் மருமான் புதுக் கைப்பேசியும் கையுமாக வந்து சேர்ந்தான். வந்தவன் காப்பி சாப்பிடக்கூடப் பொறுக்காமல், "மாமா! ஓயாமல் சுதேசி, சுதேசி என்று எழுதுகிறீர்களே, இதோ பாருங்கள்! நம் செங்கற்பட்டு ஜில்லாவிலேயே செய்த சாமான்!" என்று அது வந்த அட்டைப் பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். 'இந்தியாவில் பூட்டிச் சேர்க்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இங்கிலீஷில் இருந்தது. அதற்கு மேலே வேறு ஒரு வரி இருக்கும் போல் தோன்றிற்று. ஆனால் அந்த இடத்தில் பையனுடைய கட்டைவிரல் இருந்தது. விரலை நகர்த்திப் பார்த்ததில், 'கலிபோர்னியாவில் ஆப்பிள் கம்பெனியாரால் வடிவமைக்கப்பட்டது' என்ற சமாசாரம் வெளியாயிற்று. விலை என்னவென்று கேட்டேன். அவன் சொன்ன தொகையைக் காதால் கேட்டதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

ஆயினும் அந்த இரண்டு வரிகளும் என்னை விடவில்லை. இந்த வாரம் யந்திர உலகச் சமாசாரங்களைத் தொகுக்க உட்கார்ந்தபோது எதை எடுத்தாலும் அதே கேள்விதான் எதிரே வந்து நின்றது: நம் மண்ணில் செய்த பொருள் எப்போது நம் பொருளாகிறது?

மருமான் 'நம் ஜில்லா' என்று சொன்னதில் சிறிது பிசகு உண்டு. 1997-ஆம் வருஷத்துக்கு முன் செங்கற்பட்டு ஜில்லா என்றால் காஞ்சீபுரம், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், மாமல்லபுரம் எல்லாம் அதில் அடக்கம். இப்போதிருக்கும் செங்கற்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29-ஆம் தேதி காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்து பிறந்த குழந்தை. ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் காஞ்சீபுரத்தோடேயே நின்றுவிட்டன. ஆனால் யந்திரங்களுக்கு ஜில்லா எல்லை தெரியாது. ஆப்பிள் கைப்பேசிகள் 2019-ஆம் வருஷம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், தைவான் தேசத்து பாக்ஸ்கான் கம்பெனியின் சாலையில் தயாராகி வருகின்றன. அதே தேசத்து பெகாட்ரான் கம்பெனியார் 2022 செப்டம்பரில், செங்கற்பட்டுக்குச் சமீபத்திலுள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தங்கள் சாலையைத் திறந்தார்கள். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டியதும் பரனூர் ஸ்டேஷன் ஞாபகமிருக்கும். அந்தப் பக்கந்தான். 2025 ஜனவரியில் டாடா கம்பெனியார் பெகாட்ரானின் இந்தியக் கிளையில் நூற்றுக்கு 60 பங்கை வாங்கிவிட்டார்கள். ஆகவே அந்தச் சாலையின் எஜமானர் இப்பொழுது இந்தியர். அதே வருஷம் மே மாதத்தில், அமெரிக்காவில் அந்தக் காலாண்டில் விற்பனையாகும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவையாயிருக்கும் என்று ஆப்பிள் தலைவர் டிம் குக் அறிவித்தார். ஒரு காலத்தில் மான்செஸ்டர் துணி வந்து இறங்கிய தேசத்திலிருந்து இப்போது சீமைக்குச் சாமான் போகிறது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி உண்டாகாது?

மகிழ்ச்சி உண்டாகட்டும். ஆனால் நமக்கு ஓர் அநுபவம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அதை மறந்துவிட்டு ஆனந்தக் கூத்தாடுவது உசிதமல்ல.

பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியார் 2006-ஆம் வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வீட்டை விட்டு முதன்முதலாக வேலைக்குப் புறப்பட்ட பெண்களை, சீருடையும் அடையாளச் சீட்டுமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கக் கண்டவர் அநேகர். பிறகு வரித் தகராறு வந்தது. 2014-இல் நோக்கியாவின் கைப்பேசி வியாபாரத்தை மைக்ரோஸாப்ட் வாங்கியபோது, இந்தச் சாலை மாத்திரம் வழக்கில் சிக்கி வெளியே நின்றுவிட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதே வளாகத்திலிருந்த பாக்ஸ்கானும் டிசம்பரில் கதவை அடைத்தது. எட்டு வருஷமாக லட்சக்கணக்கில் கைப்பேசிகளைப் பூட்டி அனுப்பிய பெண்கள் வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவராலேனும் தம் ஊரில் ஒரு கைப்பேசி செய்ய முடிந்ததா? முடியாது. ஒருத்திக்குத் தெரிந்தது ஒரு திருகாணி. அடுத்தவளுக்குத் தெரிந்தது ஒரு மூடி. முழுப் பொருளும் தெரிந்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். பல வருஷங்கள் பாழாய்க் கிடந்த அந்த நோக்கியா கட்டடத்தைப் பிற்பாடு ஸால்காம்ப் என்னும் மின்னூட்டுக் கருவிக் கம்பெனி வாங்கிற்று.

இங்கே காஞ்சீபுரத்து நெசவாளரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். காஞ்சிப் பட்டில் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இருந்தும் அது காஞ்சிப் பட்டுதான். சூரத் பட்டு என்று ஒருவரும் சொல்வதில்லை. உடலையும் கரையையும் மூன்று நாடா கொண்டு கோர்வை போட்டு இணைக்கும் வித்தை காஞ்சீபுரத்துக் கைகளில் இருக்கிறது. ஒரு முதலாளி போனால் இன்னொரு முதலாளி. ஒரு தறி போனால் இன்னொரு தறி. வித்தையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக யாராலும் முடியாது. ஆகையால் பாகங்கள் வெளியிலிருந்து வருகின்றன என்பது மாத்திரம் ஒரு குறையாகாது. வித்தை இங்கே தங்குகிறதா என்பதுதான் விஷயம். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு சர்க்கார் மின்னணுப் பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்வதற்கென்று தனித் திட்டம் ஒன்றை அறிவித்ததை இந்தக் காரணத்தினாலேயே நான் வரவேற்கிறேன். பூட்டுவதிலிருந்து செய்வதற்குப் போகிற வழி அது. டாடா கம்பெனியார் எஜமானராக வந்ததில் வித்தை எவ்வளவு தங்கப் போகிறது என்பதைப் போகப் போகத்தான் காண வேண்டும்.

சாமானைப் பற்றிப் பேசும்போது அதைச் செய்கிற பெண்களைப் பற்றிப் பேசாமலிருப்பது தர்மமாகாது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு விஷமாகிச் சுமார் 250 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. செய்தியை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் பரவவே, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர்களும் இல்லை, கொடிகளும் இல்லை. தோழிகள் எங்கே என்ற ஒரு கேள்விதான். சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ஆம் தேதி மறுபடி திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லையென்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த இரவின் பலன் என்றே சொல்லலாம்: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரிய விடுதியைச் சர்க்கார் கட்டித் திறந்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில், கலியாணமான பெண்களை இந்த வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் மறுத்தது; மத்திய சர்க்கார் மாகாண சர்க்காரிடம் அறிக்கை கேட்டார்கள். தாலி கழுத்தில் ஏறினால் விரல்களின் சாமர்த்தியம் இறங்கிவிடுமா என்ன?

பக்கத்திலேயே, தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்ப் பெட்டியும் துணி துவைக்கும் யந்திரமும் செய்கிற சாம்ஸங் சாலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி வேலை நிறுத்தம் தொடங்கி 37 நாள் உறுதியாக நின்றார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதுதான் முக்கியமான கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

இனி, கையில் பிடிக்க முடியாத சாமானுக்கு வருவோம்.

எங்கள் சிறு பிராயத்தில் 'அரட்டை' என்றால் வசவுச் சொல். "பாடத்தைப் படிக்காமல் என்னடா அரட்டை?" என்று கேட்காத தகப்பனார் தமிழ்நாட்டில் இல்லை. இப்போது அதுவே தேச பக்தியின் பெயராகிவிட்டது! கூடுவாஞ்சேரிக்கு அருகே வல்லாஞ்சேரியில் தலைமை ஸ்தலம் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனியார் 2021-இல் 'அரட்டை' என்ற செய்திச் செயலியை வெளியிட்டார்கள். நாலு வருஷம் அதைக் கேட்பாரில்லை. 2025 செப்டம்பரில் சுதேசிச் செயலிகளைக் கைக்கொள்ளுங்கள் என்று மத்திய மந்திரிகள் சொல்லவே, நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரலானார்கள் என்று கம்பெனியின் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். யந்திரங்கள் மூச்சுத் திணறிப் போயின. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலும் இந்தக் கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாறியிருப்பதாக அப்போது செய்தி வந்தது.

காஞ்சி நெசவாளர் பரீட்சையை இங்கே வைத்துப் பார்த்தால் ஜோஹோ தேறிவிடுகிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது முதல், வெளியார் முதலைச் சேர்க்காமல் வளர்ந்த ஸ்தாபனம். செயலியின் ஒவ்வொரு வரியையும் எழுதத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பட்டம் பெறாத பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை 2005 முதல் நடத்துகிறார்கள். தென்காசிச் சீமையிலும் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள்.

என்றாலும், நம்முடையது என்பதற்காகக் குறையைக் குறை என்று சொல்லாமலிருக்கலாமா? ஊரெல்லாம் அரட்டையில் சேர்ந்த அந்த நாளில், அதில் குரலால் பேசுவதற்குத்தான் முழு இரகசியப் பூட்டு இருந்தது; எழுதி அனுப்பும் செய்திக்கு இல்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர மூன்றாமவர் படிக்க முடியாத அந்தப் பூட்டு, விதேசிச் செயலியான வாட்ஸப்பில் 2016 முதல் இருந்து வருகிறது. ஜனங்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். கம்பெனியாரும் கோபித்துக்கொள்ளாமல், அந்த வருஷம் முடிவதற்குள் இருவர் பேசும் செய்திகளுக்கு அந்தப் பூட்டைப் போடத் தொடங்கினார்கள். சுதேசி இயக்கத்தின் கெட்டியான நெய்தலைப் பார்த்துக் கதர் வாங்கினவர்களும் உண்டு, ஓட்டையைப் பார்த்து வாய் திறவாமல் வாங்கினவர்களும் உண்டு. முந்தியவர்களால்தான் கதர் நன்றாயிற்று.

விளையாட்டுச் சமாசாரம் இந்த முறை துக்கத்தோடு கலந்தது. கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடித் தோற்றுக் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துப் படித்து மனம் புண்ணாகிவிட்டது. நீதிபதி சந்துருவின் குழு 2022-இல் ஆராய்ந்து சொன்னதன் மேல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. கவர்னர் திருப்பி அனுப்பினார். சபை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபின் ஏப்ரலில் அது அமுலுக்கு வந்தது. நவம்பரில் ஹைகோர்ட்டார், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று அவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பிறகு 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஆடவே கூடாது என்று விதி வந்தது. ஜூன் மாதத்தில் ஹைகோர்ட்டு அவ்விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரே வாரத்தில் விஷயத்தை முடித்துவிட்டது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் எல்லாம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தேச முழுவதும் கூடாது. பணயம் வைக்காத பொழுதுபோக்கு ஆட்டங்களும் போட்டி ஆட்டங்களும் இருக்கலாம். கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. சட்டம் வந்ததில் எனக்குத் திருப்தியே. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒளிர்கிற சின்னத் திரையைப் போலீஸார் பார்ப்பது கஷ்டம். வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

திறமையாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மாமல்லபுரந்தான் நினைவுக்கு வருகிறது. ருஷியாவில் நடக்கவேண்டிய சதுரங்க ஒலிம்பியாட் போட்டி, உக்ரேன் யுத்தத்தினால் இடம் மாறி, 2022 ஜூலை 29 முதல் ஆகஸ்டு 9 வரை பல்லவர் துறைமுகத்தில் நடந்தது. 180-க்கு மேற்பட்ட தேசத்தார் வந்தார்கள். சுமார் 700 பலகைகள். ஒவ்வொன்றும் மின்னணுப் பலகை. குதிரையைத் தூக்கி வேறு கட்டத்தில் வைத்தால், அடுத்த கணமே அது உலகத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பவன் திரையிலும் நகர்ந்தது. பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளை குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜயித்துத் தங்கப் பதக்கம் பெற்றதை அப்படித்தான் உலகம் கண்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவன் உலகச் சாம்பியனானான்.

அந்தக் கூடத்து வாசலில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் கருவி வைத்துச் சோதித்தார்கள். யந்திரத்திடம் யோசனை கேட்டு ஆடிவிடக் கூடாதல்லவா? அதனால் எந்த ஆட்டக்காரரும் கைப்பேசியுடன் உள்ளே போகக் கூடாதென்பது விதி. இதை மருமானிடம் சொன்னேன். "ஸ்ரீபெரும்புதூரில் செய்த கைப்பேசிக்குக்கூடவா அநுமதியில்லை?" என்று கேட்டான். அதற்குக்கூட இல்லை என்றேன்.