தாங்கும் ரகம் யாரைக் காப்பாற்றும்?



தோல் கழிவால் நிலம் கெட்டுப்போச்சு என்று மனு கொடுத்தால், "தாங்கும் ரகம் போடுங்க, நட்டம் வராது" என்கிறார்கள். விதை மூட்டையைக் கொடுத்து வாயை அடைக்கும் பேச்சு இது.

ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டுதான். டி.ஆர்.ஒய். 1 நெல் களர் நிலத்தில் நிற்கும், கோ 43ம் ஓரளவு நிற்கும். ஆனால் அவை தாங்குவது உப்பை. அதை வைத்துக் குரோமியத்தையும் காட்மியத்தையும் தாங்கும் என்று யார் சொன்னது? உப்புக்குப் பயிர் செய்யும் தற்காப்பு வேறு, உலோகத்துக்குச் செய்வது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. பயிர் தாங்குவதும் மணி சுத்தமாக இருப்பதும் ஒன்றா? குரோமியம் நெல்லில் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். வேர் கெடும், தூர் கட்டாது, நம் கண்ணுக்கே தெரியும். பேட்டரி, முலாம் பூசும் கழிவில் வரும் காட்மியம் அப்படி இல்லை. சில ரகங்கள் அதை வேரிலேயே பூட்டி வைக்கும். சில ரகங்களில் அந்தப் பூட்டு வேலை செய்யாது, விஷம் நேரே மணிக்கு ஏறிவிடும். பயிர் பச்சைப்பசேல் என்றே நிற்கும், மகசூலும் வரும். ஒரு கிலோ அரிசியில் 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவு. அது கண்ணால் பார்த்துத் தெரியுமா ஐயா?

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் சுரங்கத்துக் காட்மியம் கலந்த தண்ணீரைக் குடித்தார்கள், அதில் விளைந்த அரிசியைத் தின்றார்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு முறிந்து, அதிலும் வயசான பெண்கள் "இதாய் இதாய்" என்று அலறினார்கள். "வலிக்குது வலிக்குது" என்று அர்த்தம். நோய்க்கே அதுதான் பெயர். 1968ல் வழக்குப் போட்டு, 1971லும் மேல்முறையீட்டில் 1972லும் ஜெயித்தார்கள். 800 ஹெக்டேருக்கு மேல் மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012 வரை நடந்தது. செலவில் ஒரு பங்கு கம்பெனி தலையில் விழுந்தது. காட்மியத்தை வேர் ஏறக்குறைய உறிஞ்சாத கோஷிஹிகாரி நெல்லை அந்நாட்டு விஞ்ஞானிகள் அறிவித்ததும் அதே 2012ல்தான். நல்ல ரகம் வரட்டும், வேண்டாம் என்று எவன் சொன்னான்? மண்ணைச் சுத்தம் செய்யாமல் தட்டிக்கழிக்க அதைச் சாக்காக வைக்காதே என்கிறோம்.

நம்மிடம் இருக்கும் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 விவரம் இருக்கும். குரோமியமும் இல்லை, காட்மியமும் இல்லை, ஈயமும் இல்லை. அளக்காமலே ரகம் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற கதை.

கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று பாலாற்று வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரி 30ல் மறுபடியும் சொன்னது. இடையில் 28 வருஷம் ஓடிவிட்டது.

ஆகவே அடுத்த குறைதீர் கூட்டத்தில் ஊருக்கு ஊர் இதையே கேளுங்கள்: மண், கிணற்றுத் தண்ணீர், விளைந்த நெல் மூன்றிலும் உலோகத்தை அளந்து, கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு. இந்த ரகத்தின் மணியில் எவ்வளவு ஏறும் என்று எழுத்தில் கொடு. சோதனைச் செலவைக் கழிவு விட்டவனிடம் வாங்கு. அதற்குப் பிறகு விதை மூட்டையைப் பற்றிப் பேசலாம்.