கருணைத் தொகையும் இழப்பீடும்

சென்ற ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய என் அத்தை, விமான நிலையத்து வாயிலில் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். நடுவானில் விமானம் குலுங்கியபோது தலைக்கு மேலிருந்த பெட்டி அடுக்கின் கதவு திறந்துகொண்டு, யாருடைய பையோ அவர் தோளில் விழுந்திருக்கிறது. காறை எலும்பு முறிந்திருந்தது. பணிப்பெண்கள் பனிக்கட்டி வைத்து, அன்பாகப் பேசி, கையில் ஒரு பழச்சாறும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த அன்பைப் பற்றித்தான் அத்தை வீடு வரும்வரை பேசிக்கொண்டு வந்தார்.

காசிமேட்டில் வீட்டு முகப்பிலேயே இட்லிக் கடை வைத்திருப்பவர் அவர். மூன்று மாதம் கடை இல்லை. மூன்றாவது வாரம் விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டணச் சலுகை தருவதாகவும், அதை 'முழுமையான இறுதித் தீர்வாக' ஏற்றுக்கொண்டு இணைப்பிலுள்ள தாளில் கையொப்பமிட்டு அனுப்பும்படியும் அதில் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். "அவுங்க குடுக்கறதே பெருசு தம்பி. பிளேன் ஆடுனதுக்கு அவுங்க என்னா பண்ணுவாங்க? போயி கேக்கறதுக்கு நமக்கு என்னா ரைட்டு இருக்குது?" என்றார்.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். அவருக்கு உரிமை இருக்கிறது. அது யாருடைய நல்லெண்ணத்தையும் சார்ந்ததில்லை.

*

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. நாளிதழ்கள் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட்டுவிடுகின்றன. நிவாரணம் என்பது துயரைத் தணிப்பது. வெள்ளம் வந்தால் தருவது. கருணைத் தொகை என்பது கொடுப்பவனின் மனத்திலிருந்து பிறப்பது. கொடுத்தால் நன்றி, கொடுக்காவிட்டால் வழக்கில்லை. இழப்பீடு மட்டுமே வாங்குபவனின் இழப்பிலிருந்து பிறக்கிறது. இழந்ததற்கு ஈடு. ஈடு என்ற சொல்லுக்குள் சமம் என்ற பொருள் இருக்கிறது. தருபவனும் பெறுபவனும் அங்கே ஒரே தளத்தில் நிற்கிறார்கள்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதிலிருந்த 242 பேரில் 241 பேர் இறந்தபோது, டாடா குழுமம் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. விமான நிறுவனம் தனியே 25 லட்சம் ரூபாய் இடைக்கால உதவியும் அறிவித்தது. பெருந்தொகைகள்தாம். ஆனால் அவை அறிவிக்கப்படாமல் இருந்திருந்தாலும் அந்தக் குடும்பங்களுக்கு உரியது ஒன்று சட்டத்தில் இருந்தது. செய்திகளில் ஒரு கோடி தலைப்பானது. உரியது பெட்டிச் செய்தியாகக்கூடப் பல இடங்களில் வரவில்லை.

அந்த உரியதன் வரலாறு சுருக்கமானது. 1929இல் வார்சாவில் உருவான உடன்படிக்கை, அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்த விமானத் தொழிலைக் காப்பாற்றுவதற்காகப் பயணிக்கான பொறுப்பைச் சிறிய தொகையில் நிறுத்திவைத்தது. இந்தியா அதை 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும், பின்னர் 1972ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் வழியாகவும் ஏற்றது. 1999இல் மாண்ட்ரியலில் உருவான உடன்படிக்கை தராசைப் பயணியின் பக்கம் சாய்த்தது. 2009இல் இந்தியா அதில் சேர்ந்தது.

மாண்ட்ரியல் விதிகளின் மையம் இதுதான்: விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நிகழ்ந்த விபத்தால் பயணிக்கு உடற்காயம் ஏற்பட்டால் நிறுவனமே பொறுப்பு. ஒரு குறிப்பிட்ட வரம்புவரை, 'எங்கள் மீது தவறில்லை' என்று சொல்லி அது தப்ப முடியாது. அந்த வரம்பு 'சிறப்பு எடுப்பு உரிமை' என்னும் பன்னாட்டு நிதியக் கணக்கில் சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் 1,00,000, 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880. நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டும். அதற்கு மேலும் கேட்கலாம். அங்கேதான் நிறுவனம் தன் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்துத் தப்ப இயலும். 'பிளேன் ஆடுனதுக்கு அவுங்க என்னா பண்ணுவாங்க' என்ற அத்தையின் நியாயம், அந்த வரம்புக்குள் சட்டத்தின் முன் செல்லாது. வானத்தின் மீது பழி போட நிறுவனத்துக்கே இடமில்லாதபோது, அத்தை எதற்கு அவர்களுக்காக வாதாட வேண்டும்?

விபத்து என்றால் விமானம் விழுவது மட்டுமன்று. பயணியின் உடலுக்குப் புறத்தே நிகழும், எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் விளக்கம் தந்தது. அந்த வழக்கில், விமானம் இயல்பாகத் தரையிறங்கும்போது ஏற்பட்ட காற்றழுத்த மாற்றத்தால் ஒரு பெண்ணின் செவி கெட்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல் இயங்கியதால் அது விபத்தாகாது என்றார்கள். மாறாக, தந்தையின் முன்னிருந்த தட்டு மேசையிலிருந்து சுடுகாப்பி சரிந்து ஒரு சிறுமி மீது கொட்டிய வழக்கில், காப்பி ஏன் சரிந்தது என்பதே நிரூபிக்கப்படாத நிலையிலும், அது விபத்துதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. காப்பிக் கோப்பைக்கு உள்ள இடம் தோளில் விழுந்த பைக்கும் உண்டு.

*

இவ்வளவும் சொன்னபின், சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒரு பொய்ச் சித்திரத்தைத் தருபவன் ஆவேன்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். புதிய விதிகள் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2011இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இறந்தவர் யாராயினும் 75 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச உரிமை என்றார். அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வரம்பு என்பது வரம்புதான், அதற்குள் எவ்வளவு இழப்பு என்பதைக் கேட்பவர் காட்டியாக வேண்டும் என்றது. இன்னொரு குடும்பம் தேசிய நுகர்வோர் ஆணையம் வழியாக உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இறந்தவர் அமீரகத்தில் உயர் பதவியில் இருந்தவர். 2020 மார்ச்சில் அவர் குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. இடையில் பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

அந்த அமீரக அதிகாரிக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அதே விமானத்தில் வந்த கட்டடத் தொழிலாளிக்கு? இட்லிக் கடைக்கு? தவறை நிரூபிக்க வேண்டாம் என்று சொல்லும் சட்டம், இழப்பை நிரூபிக்கச் சொல்கிறது. ரசீது இல்லாத வாழ்க்கை வாழ்பவர்கள் அந்த இரண்டாம் வாசலில் நின்றுவிடுகிறார்கள். என் அத்தையிடம் இருப்பது மளிகைக் கடைக் கணக்கு நோட்டு ஒன்று. வாரம் எத்தனை கிலோ இட்லி அரிசி, எத்தனை கிலோ உளுந்து என்று அதில் கடைக்காரர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. விபத்துக்குப் பிந்தைய வாரங்களில் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வெற்றுப் பக்கங்களே எங்கள் சான்று.

இன்னொரு குறையும் உண்டு. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காப்பூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கும் வேளையில் கடுமையாகக் குலுங்கிப் பலர் காயமடைந்தார்கள். ஒருவர் பல மாதச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அது உள்நாட்டுப் பயணம். உள்நாட்டுப் பயணிக்கு, மரணமாயினும் காயமாயினும், 2014ஆம் ஆண்டு அறிவிக்கை நிர்ணயித்த வரம்பு 20 லட்சம் ரூபாய். அதே முதுகெலும்பு எல்லை தாண்டிப் பறந்திருந்தால் பல மடங்கு பெறும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்பகுதியில் குலுங்கியதில் ஒருவர் இறந்தார். வார்ப்பட்டை அணியாதவர்கள் கூரைவரை வீசப்பட்டார்கள். அடுத்த மாதமே அந்நிறுவனம் சிறு காயங்களுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலர் இழப்பீடாகத் தர முன்வந்தது. பெருங்காயம் பட்டவர்களுக்கு உடனடிச் செலவுக்காக 25,000 டாலர் முன்பணம். மீதி, அவரவர் நிலைக்கேற்பப் பேசித் தீர்ப்பது என்றது. முன்பணம் இறுதித் தொகையில் கழிக்கப்படும், அவ்வளவே. முன்பணம் வேறு, 'முழுமையான இறுதித் தீர்வு' வேறு. பயணச்சீட்டின் பின்புறம் நிறுவனம் தன் பொறுப்பைக் கைகழுவி அச்சிடும் வாசகம் செல்லாது என்று விதியே சொல்கிறது. ஆனால் விபத்துக்குப் பின் நாம் விரும்பிப் போடும் கையொப்பத்துக்கு அந்தக் காப்பு கிடையாது.

*

அத்தைக்கு இழப்பீடு என்பது அறியாத விஷயமில்லை. மாமா துறைமுகத் தொழிலாளி. எண்பதுகளில் பளுதூக்கியின் கம்பி வடத்தில் சிக்கி வலக்கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்தவர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் உழைப்புத் திறனில் 14 விழுக்காடு, நடுவிரலுக்கு 12, கட்டைவிரலுக்கு 30 என்று உடல் அங்கே எண்களாகப் பிரிந்து கிடக்கும். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அதே 1923இல்தான். தொழிற்சங்கத்தின் கணக்கு அறிந்த தோழர் ஒருவர் மாமாவுக்காக அலைந்து தொகையை வாங்கித் தந்தார். அத்தையின் நினைவில் அது 'சங்கத்துக்காரங்க வாங்கிக் குடுத்த பணம்'. உரிமையாகப் பெற்றதுகூட உபகாரமாகவே நினைவில் தங்கியிருக்கிறது.

வடசென்னையில் இப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. இங்கே விபத்து என்றால் ஆலை வாயிலில் கூட்டம் கூடும், பெரிய மனிதர்கள் உள்ளே போவார்கள், ஒரு தொகையோடு வெளியே வருவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். அபாயகரமான தொழில் செய்பவன் எந்தச் சாக்குமின்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இலேயே சொல்லியிருக்கிறது. இருந்தும் குப்பத்துவாசி கையில் பயணச்சீட்டு இல்லை. எந்த முகவரிக்கு எழுதுவது என்பது முதல் அவர் போராட வேண்டும். விமானப் பயணிக்குப் பாதை போடப்பட்டிருக்கிறது. போட்ட பாதையிலாவது நடக்கப் பழகினால்தான் போடாத இடத்தில் பாதை கேட்க நமக்கு நாவெழும் என்று நினைக்கிறேன்.

கேட்பது பண்பாடன்று என்று சொல்பவர்களுக்குத் திருவொற்றியூரையே காட்டலாம். சங்கிலியாரைப் பிரியேன் என்று அங்கே மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊரெல்லை தாண்டியதும் கண்ணிழந்தார். தவறு அவருடையது. அப்படியும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று தோழனிடம் வழக்காடினார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதை இறுதித் தீர்வாக அவர் ஏற்கவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று முழுவதும் பெற்ற பிறகே ஓய்ந்தார். தன் மீது பிழை இருந்தால் தொகை குறையும் என்பது மாண்ட்ரியல் விதியிலும் உண்டு. வார்ப்பட்டை விளக்கு எரிந்தும் அணியாதவர் அதை நினைவில் கொள்ள வேண்டும். அத்தை அணிந்துதான் இருந்தார்.

*

செய்ய வேண்டியவை அதிகமில்லை. இறங்குவதற்கு முன்பே நிகழ்ந்ததைப் பணியாளரிடம் எழுத்தில் பதியச் சொல்ல வேண்டும். ஏறும் சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது. அருகில் அமர்ந்திருந்தவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறும் அச்சத்துக்கும் மன உளைச்சலுக்கும் இந்த விதிகளின்கீழ் பொதுவாக இடமில்லை, உடற்காயத்துக்குத்தான் உண்டு. விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அற்றுப்போகும். வழக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நாம் கேட்கும் தொகையைப் பார்க்காமல், கொடுத்த கட்டணத்தை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகிறது. ஆகவே பயணச்சீட்டு வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கே வரும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். சென்னையில் தொடங்கிச் சென்னையில் முடியும் போக்குவரவுச் சீட்டுக்குச் சேருமிடம் சென்னையே என்பதால் மாண்ட்ரியல் விதியும் குறுக்கே நிற்காது.

அத்தைக்காக நான் எழுதிய கடிதத்தின் முதல் படியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று தொடங்கியிருந்தேன். பழக்கம்தான், இருபதாண்டுகளாகக் கல்லூரி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதும் கை. அத்தை குறுக்கிட்டு, "அவுங்க தரணும்னு சொன்னியே, அப்புறம் இன்னாத்துக்குக் கருணை?" என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். மருத்துவச் சீட்டுகளைக் கேட்டுப் பதில் வந்திருக்கிறது. மளிகை நோட்டையும் நகலெடுத்துச் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். கெடு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது.