டிராமைத் தீர்த்த லாபக் கணக்கு

நகரத்தின் புகையை ஒழிக்க மின்சார பஸ் விடுகிறோம் என்று மேளம் கொட்டுகிறார்கள். பஸ் வரட்டும். ஆனால் மின்சார வண்டி சென்னைக்குப் புதிதா? 1895-லேயே அங்கே மின்சார டிராம் ஓடிற்று. 1953-ல் நின்றது. ஜனங்களுக்கு வண்டி வேண்டாமென்றா? இல்லை, கம்பெனிக்கு நஷ்டமென்று! டிராமும் போயிற்று, தொழிலாளியின் வேலையும் போயிற்று.

அந்தப் பாடத்தைச் சர்க்கார் படித்ததா? 2025 ஜூனில் சென்னையில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ் தனியார் கம்பெனியுடையது; டிரைவரும் கம்பெனி ஆள்; ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஜனங்களின் பணம் கம்பெனிக்குப் போகிறது. நாளை கம்பெனி கையை விரித்தால்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு கிளம்புகிறது. ஐம்பது பேர் ஐம்பது மோட்டார் சைக்கிளில் போனால் ஐம்பது எஞ்சின் எரியும். பஸ்ஸில் போனால் ஒன்றுதான். அந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது; மழை பருவம் தப்புகிறது. அடி யாருக்கு? காரில் போகிற கனவானுக்கா? நடவு வேலையை நம்பியிருக்கும் கூலிக்காரிக்கு!

பஸ் நஷ்டம் என்கிறார்கள். கார்கள் பறக்கும் மேம்பாலம் லாபமா? அதற்கு யார் டிக்கெட் வாங்குகிறார்கள்? லாபத்தையே பார்த்திருந்தால் 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் கிடைத்திருக்குமா?

தோழர்களே! பஸ்ஸும் டெப்போவும் பொதுச் சொத்தாக இருக்கட்டும். டிரைவருக்கு நிரந்தர வேலை கொடு! ஷிப்டு விடும் நேரத்துக்கு பஸ் விடு! நம்பி நிற்கலாம், பஸ் வரும் என்றால்தான் மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும், புகையும் குறையும்.