எல்லைக்கோடு தாண்டினால் ஆளே மாறிவிடுவாரா?



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, கேன்டீன் ஜோக், பிரிவு உபச்சாரக் கண்ணீர் என்று இருக்கும். மலர்க்குழு நண்பன் என்னிடமும் "ஏதாவது ஜாலியா எழுதுடா" என்றுதான் கேட்டான். ஆனால் ஒரு வருஷமாக மனசில் ஒரு விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதுவும் எழுத வரவில்லை.

எங்கள் துறையில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர் ஒருவர். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் லேத்தைப் பார்த்துப் பயந்து நின்ற எனக்கு, பக்கத்தில் நின்று திரெட் கட்டிங் சொல்லிக் கொடுத்தவர். டிப்ளமோ முடித்ததும், தான் ஒரு திருநங்கை என்று வீட்டில் சொன்னார். பேரையும் மாற்றிக்கொண்டார். இப்போது நாங்கள் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறோம்.

போன வருஷம் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அக்காவோடு துணைக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் பாஸ். சான்றிதழ் பார்க்கிற மேஜையில்தான் வந்தது வினை. "மார்க் ஷீட்ல இருக்கிற ஆள் வேற, வந்திருக்கிற ஆள் வேறயா இருக்கே?" என்று சிரித்தார்கள். கலெக்டர் ஆபீசில் வாங்கிய அடையாளச் சான்றிதழை அக்கா நீட்டினார். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார்: "நான் யாருன்னு எனக்குத் தெரியுது தம்பி. இன்னும் எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கினா மத்தவங்களுக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. நம் நாட்டிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் இதற்கு என்ன பதில் என்று தேடினேன். தலை சுற்றியது!

நமக்கும் பாகிஸ்தானுக்கும் பழைய கதை ஒன்றுதான். 1871ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியாவிலும் பஞ்சாபிலும் இருந்த ஹிஜ்ராக்களின் பேரைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பொது இடத்தில் பெண் உடை உடுத்தி ஆடினால் கைது! அந்த ஒரே வேரிலிருந்து வந்த நாடுகள் பிறகு எப்படிப் பிரிந்தன பாருங்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்படாத நேபாளம் முந்திக்கொண்டது. 2007லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவர் தன்னை எப்படி உணர்கிறாரோ அதுவே அளவுகோல் என்று சொல்லி மூன்றாம் பாலினத்தை ஏற்கச் சொன்னது. 2015ல் பாஸ்போர்ட்டில் 'ஓ' என்ற எழுத்தும் வந்தது.

வங்காளதேசத்தில் 2013 நவம்பரில் அமைச்சரவை ஹிஜ்ராக்களைத் தனிப் பாலினமாக அங்கீகரித்தது. நல்ல செய்திதான். ஆனால் யார் ஹிஜ்ரா, அதை யார் முடிவு செய்வது என்று தெளிவாகச் சொல்லவில்லை. விளைவு? 2015ல் அரசு வேலைக்குத் தேர்வானவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, "நீங்களெல்லாம் ஆண்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த கையே பிடுங்கிக்கொண்டது!

இலங்கையில் 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் உண்டு. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழையே திருத்தலாம். ஆனால் ஆண் அல்லது பெண், இரண்டே கட்டம்தான். மூன்றாவது கிடையாது.

பாகிஸ்தான் கதைதான் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. 2018ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. டாக்டர் வேண்டாம், கலெக்டர் வேண்டாம், நீ உன்னை எப்படி உணர்கிறாயோ அப்படியே அடையாள அட்டை வாங்கிக்கொள் என்றது. ஆனால் 2023 மே மாதம் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் மதத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்கள். கிடைத்த உரிமை கையிலேயே இருக்கும் என்று யாரும் நம்பி உட்கார முடியாது என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

நம் கதை? 2008லேயே தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம், பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை, அறுவை சிகிச்சை கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் 2019ல் நாடாளுமன்றம் போட்ட சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் போகச் சொன்னது. ஆண் அல்லது பெண் என்று பதிய வேண்டுமானால் சிகிச்சைச் சான்று கொண்டு வா என்றது. நீதிமன்றம் திறந்த கதவில் பாதியைச் சட்டம் சாத்திவிட்டது என்பது என் கருத்து.

ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ கோ' கேஜ் வைத்துப் பார்ப்போம். அளவு சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். ஒரே ஷாஃப்ட்டை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கேஜ் வைத்துப் பார்த்தால் தப்பு ஷாஃப்ட்டிலா, கேஜிலா? அதிலும் மனுஷன் இரும்பு இல்லையே!

"பொய் சொல்லி மாத்திக்கிட்டா என்னடா பண்றது?" என்று என் ரூம் மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். பொய்ச் சத்தியம் செய்தால் தண்டிக்கத் தனியே சட்டம் இருக்கிறது. எவனோ ஒருத்தன் ஏமாற்றுவான் என்று எல்லோரையும் டாக்டர் முன்னால் நிறுத்துவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். தவிரவும், இந்த அவமானங்களைச் சும்மா விலைக்கு வாங்க யார் வருவார்கள்?

நண்பர்களே, சட்டம் டெல்லியில் எழுதப்படலாம். ஆனால் அது நிறைவேறுவது ஒரு கவுண்டரில், ஒரு கிளார்க்கின் மேஜையில். நாளைக்கு அந்த மேஜைக்குப் பின்னால் உட்காரப் போவது நாம்தானே! அதனால் நம் மாணவர் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றிலும் மூன்றாவது கட்டம் வேண்டும். அடையாளச் சான்றிதழோடு வருகிற பழைய மாணவருக்கு மார்க் ஷீட்டில் பேர் மாற்ற நம் அலுவலகம் அலைய விடாமல் உதவ வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவேன். கை தூக்க நீங்கள் வருவீர்களா?

அக்கா இப்போது ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அங்கே முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "வேலை தெரியுமாம்மா?"

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை